சிவப்பு நாடா

அலுவலகம் விட்டுப் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாலைகளிலும், சங்கத்து விழாக்களில் பந்தி முடிந்து கை கழுவச் செல்லும் வழியிலும், நான் மத்திய அரசில் எழுத்தன் என்பதை அறிந்த அன்பர்கள் என்மீது தவறாது வீசும் சொல் ஒன்று உண்டு. "எல்லாம் உங்கள் ரெட் டேப் செய்கிற வேலை ஐயா" என்பார்கள். ஓய்வூதியம் வந்து சேராதவர் சொல்வார். வீட்டுமனைப் பத்திரத்துக்கு அலைபவர் சொல்வார். எந்த அலுவலகத்தின் படியையும் ஏறியிராதவர்கூடப் பொதுவாகச் சொல்லி வைப்பார். அவர்கள் கருதுவது காலதாமதத்தை. என் கண்முன் தோன்றுவதோ வேறு. ஒரு விரல் அகலமும் இரண்டு முழ நீளமும் உடைய, ஓரம் நைந்த பருத்தி நாடா. பணியில் சேர்ந்த நாள் முதல் பல ஆண்டுகள், காலையில் அவிழ்ப்பதும் மாலையில் கட்டுவதுமாக என் விரல்கள் அதனோடு பழகியிருக்கின்றன.

ஒரே சொல்லில் இருவர் இருவேறு பொருளைக் காண்பது எவ்வாறு என்பதற்கு நம் இலக்கணம் விடை வைத்திருக்கிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். கருவியின் பெயர் அதனால் விளையும் காரியத்துக்கு வருமாயின் அது கருவியாகுபெயர். நாடா கட்டும் கருவி. கட்டுண்டு கிடத்தலாகிய தாமதத்துக்கு அதுவே பெயராயிற்று. உரையாசிரியர்கள் மேலும் நுணுகிச் சென்று, தன் பொருளை விட்டு வருவது விட்ட ஆகுபெயர் என்றும், விடாது வருவது விடாத ஆகுபெயர் என்றும் வகுத்தனர். பொதுமக்களுக்குச் சிவப்பு நாடா விட்ட ஆகுபெயர். அவர்கள் சொல்லும் சொல்லில் நாடாவும் இல்லை, சிவப்பும் இல்லை. எனக்கு அது இன்னும் விடாத ஆகுபெயர்தான். இவ்விரண்டுக்கும் இடையே நடந்த கதையை இங்கே சொல்ல முற்படுகிறேன்.

டேப் என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று. துணியின் மெல்லிய பட்டையை அது குறித்து வந்தது. அது சிவந்தது எப்போது என்பதற்குச் சுவையான கதை ஒன்று வழங்குகிறது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, அரசி கேத்தரினோடு தமக்கு நடந்த திருமணத்தைச் செல்லாததாக்க விரும்பினார். அதனை வேண்டி அந்நாட்டுப் பிரபுக்களும் பிஷப்புகளும் 1530-ஆம் ஆண்டு ஜூலையில் போப் ஏழாம் கிளெமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். எண்பதுக்கும் மேற்பட்ட மெழுகு முத்திரைகள் சிவப்பு நாடாக்களில் பிணைக்கப்பட்டு அதன் அடியில் தொங்குகின்றன. வத்திக்கன் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த அவ்விண்ணப்பமே சிவப்பு நாடாவின் தோற்றுவாய் என்று கூறுவோர் உளர். விண்ணப்பம் கேட்டது கிடைக்கவில்லை. அதன் பின்விளைவாக ஒரு நாட்டின் திருச்சபையே ரோமாபுரியிலிருந்து பிரிந்தது. ஆதலின் கதை மிகப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பொருத்தமான கதைகளெல்லாம் உண்மையாகிவிடுவதில்லை. அரசு ஆவணங்களையும் வழக்குக் கட்டுகளையும் சிவப்பு நாடாவால் கட்டும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலைபெற்றிருந்தது என்ற அளவில் நாம் நிறைவு கொள்ளலாம்.

அந்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கும் கட்டை இளஞ்சிவப்பு நாடாவால் கட்டுவது மரபு. அரசுத் தரப்பு வழக்கின் கட்டுக்கோ வெண்ணிற நாடா. சிவப்பு நாடா என்னும் பழி முழுவதையும் சுமக்கின்ற அரசு, நீதிமன்றத்துக்கு வரும்போது மட்டும் வெள்ளை நாடாவோடு வருவது எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு.

அந்தச் சிவப்புக்கும் இந்தியாவுக்கும் உறவு இருக்கிறது. வடநாட்டில் குசும்பா எனப்படும் செந்துருக்கப் பூவின் சாயம் ஒரு காலத்தில் வங்காளத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான பொருள்களுள் ஒன்று. பருத்திக்கு அழகிய சிவப்பைத் தருவது, விலை மலிவு, ஆனால் வெயில் பட்டால் வெளிறிவிடும். ஆடைக்கு அது குறை. பெட்டிக்குள்ளும் அலமாரிக்குள்ளும் கிடக்கப்போகும் நாடாவுக்கு அது ஒரு குறையா? நாடாவைத் தோய்க்கவும் அச்சாயம் பயன்பட்டது. நம்மை ஆண்ட கட்டுகளைக் கட்டிய நிறத்தில் நம் வயல்களில் பூத்த பூவும் கலந்திருந்தது என்று கொள்க.

நாடா என்று நாம் தமிழில் வழங்கும் சொல்லும் வடக்கிலிருந்து வந்ததே. இந்நகரத்துக் கடைகளில் பைஜாமாவுக்கு நாடா வாங்கும் அன்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டுவதில்லை. தறியில் ஊடுநூலைச் சுமந்து இப்புறமும் அப்புறமும் ஓயாது ஓடும் கருவிக்கும் தமிழ் நெசவாளர் நாடா என்றே பெயரிட்டிருக்கின்றனர். பிரிவுக்குப் பிரிவு போய்வரும் கோப்பைப் பார்க்கும்போது இந்த இரண்டாவது பொருளே எனக்கு மிகுதியும் நினைவுக்கு வரும். ஒரு வேற்றுமை உண்டு. தறி நாடா ஒவ்வொரு முறை போய்வரும்போதும் துணி ஓர் இழை வளர்கிறது. இந்தியில் இதனை லால் ஃபீதாஷாஹி என்பர், அதாவது சிவப்பு நாடாவின் ஆட்சி. ஃபீதா என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல்.

கட்டி முத்திரையிட்டு வைக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர்தாம் கண்டுபிடித்தனர் என்று எண்ணிவிடலாகாது. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக அறிஞர் பலரும் எடுத்துக்காட்டும் அகநானூற்று 77-ஆம் பாட்டை நினைவு கூர்க. பாடியவர் மருதன் இளநாகனார். பாலை நிலத்தில் பொருது மடிந்த வீரனின் குடரை எருவை என்னும் கழுகு பற்றி இழுக்கிறது. அதற்கு அவர் சொன்ன உவமை, கயிற்றால் பிணித்துப் பொறியிட்ட குடத்தின் முத்திரையை ஆய்ந்து நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை வெளியே இழுக்கும் ஆவண மாக்கள் என்பது. ஆவண மாக்கள் என்பார் யார்? நாங்கள்தாம். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய செய்யுளில் எம் தொழிலுக்கு இடம் கிடைத்தது என்று மகிழ்வதா, கழுகோடு சேர்த்துக் கூறப்பட்டோமே என்று நாணுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. அக்கயிறு தாமதத்துக்காகக் கட்டப்பட்டதன்று. ஓலையை எவரும் மாற்றிவிடாமல் காக்கவே கட்டப்பட்டது.

ஃபைல் என்னும் சொல்லும் அத்தகையதே. லத்தீன் மொழியில் ஃபீலும் என்றால் நூல். தாள்களைத் துளையிட்டு நூலில் கோத்து வைத்ததால் ஃபைல் ஆயிற்று. நாம் கோப்பு என்கிறோம். அதுவும் கோத்தலிலிருந்தே பிறந்தது. ஓலைச்சுவடி கயிற்றில் கோத்தது. சோழர் செப்பேடு வளையத்தில் கோத்தது. நூல் என்ற சொல்லையோ நாம் புத்தகத்துக்கே பெயராக்கிவிட்டோம். பஞ்சைத் திரித்து இழையாக்குவதோடு நூல் யாப்பதை ஒப்பிட்டு நன்னூலார் உருவகம் செய்திருப்பதைப் புலவர்கள் அறிவர். இழையிலிருந்து ஒரு மொழி கல்வியைக் கண்டது. இன்னொரு மொழி காலதாமதத்தைக் கண்டது. இது மொழியின் குற்றமா, ஆண்டவர்களின் குற்றமா?

ஆங்கிலத்தில் இச்சொல் வசைச்சொல்லாக முற்றியது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். கார்லைல் 1850-இல் வெளியிட்ட துண்டு நூல்களில் லண்டன் அரசு அலுவலகங்களை இச்சொல்லால் சாடினார். அவரினும் ஆழமாக அதை மக்கள் நாவில் பதித்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். இளமையில் பாராளுமன்ற உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்த செய்தியாளர் அவர். கூடத்தின் உள்ளே நடப்பதை அறிந்தவர். அவர் எழுதிய 'லிட்டில் டோரிட்' என்னும் நாவலில், எந்தக் காரியத்தையும் எப்படிச் செய்யாதிருப்பது என்பதையே கலையாகப் பயின்ற அலுவலகம் ஒன்று வருகிறது. அரசு எழுத்தர்கள் அந்தப் பகுதியைத் தனியே படிப்பது நல்லது. சிரிப்பும் வரும், சற்று வியர்வையும் வரும்.

அவர் 1855 ஜூனில் லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றில் நிர்வாகச் சீர்திருத்தத்தை வலியுறுத்தி ஆற்றிய உரையில் சொன்ன செய்தி கதையன்று, வரலாறு. இங்கிலாந்தின் கருவூலத்தில் இடைக்காலம் தொட்டுக் கணக்கை மரக்குச்சிகளில் வெட்டுக்குறி இட்டு வைத்தனர். குச்சியை இரண்டாகப் பிளந்து, கொடுத்தவரிடம் ஒரு பாதி, வாங்கியவரிடம் ஒரு பாதி. எழுதத் தெரியாத காலத்துக்கு இது மிக நேர்மையான ஏற்பாடு. காகிதமும் மையும் கணக்கியலும் வளர்ந்த பின்னும் குச்சி நீங்கவில்லை. அதனை ஒழிக்க 1782-இல் சட்டம் இயற்றினர், ஒழிந்ததோ 1826-இல். குவிந்து கிடந்த பழங்குச்சிகளை என்ன செய்வது? ஏழைகளுக்கு விறகாகவாவது கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுத்த வழக்கம் இல்லையே! 1834 அக்டோபர் 16-ஆம் நாள் அவற்றைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலைகளில் இட்டு எரித்தனர். உலை மிகையாகக் கனன்றது. புகைபோக்கி வழியே தீ பரவியது. அன்றிரவே இரு சபைகளும் எரிந்து சாம்பலாயின.

இந்தச் சினம் அப்போது அத்துணை எழுந்ததற்குக் காரணம் கிரீமியப் போர். 1854-ஆம் ஆண்டுக் குளிரில் செவஸ்தபோல் முற்றுகையில் கிடந்த ஆங்கிலப் படைவீரருக்குக் காப்பிக்கொட்டை போயிற்று. வறுக்காத பச்சைக் கொட்டையாகப் போயிற்று. வறுக்க விறகில்லை, அரைக்கப் பொறியில்லை. காப்பியின் அருமையை அறிந்த நம் குடும்பத்தினர் இக்கொடுமையைத் தனியே உணர்வர். அதைவிடத் துயரமானது எலுமிச்சைச் சாறு. சொறிகரப்பான் நோயால் வீரர்கள் மெலிந்துகொண்டிருந்தனர். டிசம்பரில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த சாறு பிப்ரவரி வரை அவர்களுக்கு வழங்கப்படவில்லை. நாள்தோறும் வழங்கவேண்டிய உணவுப் பட்டியலில் எலுமிச்சைச் சாறு குறிக்கப்படவில்லை என்பதே காரணம். கொடாதே என்று எவரும் ஆணையிடவில்லை. கொடு என்ற ஆணை இல்லை, அவ்வளவே. வள்ளுவர் நெடுநீர் என்று ஒரு சொல்லை ஆண்டிருக்கிறார், காலம் நீட்டிக்கும் இயல்பு என்ற பொருளில். அது தனிமனிதனின் சோம்பலைச் சுட்டியது. ஒருவரும் சோம்பியிராத இடத்தில், ஒவ்வொருவரும் தம் விதிப்படி நடந்த இடத்தில் விளைந்த நெடுநீருக்கு ஒரு புதுப்பெயர் வேண்டியிருந்தது, நாடா அகப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1744-இல் சென்னைப் பட்டினத்தில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவ் முதலில் எழுத்தராகவே வந்தவர் என்பது எம் தொழிலுக்குப் பெருமையா சிறுமையா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்க. கம்பெனியின் எசமானர்கள் லண்டனில். ஊழியர்கள் பல மாதக் கடற்பயணத் தொலைவில். கண்ணால் கண்காணிக்க இயலாதவர்கள் காகிதத்தால் கண்காணித்தனர். என்ன செய்தாய் என்பதோடு ஏன் செய்தாய் என்பதும் எழுத்தில் வரவேண்டும். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்குமாதலால், ஒரே கடிதத்தின் படிகள் வெவ்வேறு கப்பல்களில் சென்றன. இன்றும் மூன்று படிகள் கேட்கும் அலுவலகத்தைக் கண்டு நீங்கள் சலித்துக்கொள்ளும்போது, அதன் அடியில் ஒரு கடலின் அச்சம் இருப்பதை எண்ணிப்பார்க்கலாம்.

லண்டனில் அக்கடிதங்களைப் பெற்ற இந்தியா ஹவுஸ் எழுத்தர் வரிசையில் சில பெரும் பெயர்கள் உண்டு. கட்டுரையாசிரியர் சார்லஸ் லாம் 1792 முதல் 1825 வரை அங்கே கணக்கெழுதினார். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை அங்கே பணிபுரிந்தார். இந்தியாவின் ஆட்சி முழுவதும் எழுத்திலேயே நடப்பது ஒரு சிறப்பு என்னும் கருத்தை மில் 1852-இல் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் எடுத்துரைத்தார். எழுதி வைத்தால் எவரும் தப்ப முடியாது என்பது அவர் நம்பிக்கை. ஐம்பது ஆண்டு கழியவில்லை. 1899-இல் அரசப் பிரதிநிதியாக வந்த கர்சன் பிரபு, நம் கோப்புகள் பூமி தன்னைத்தானே சுற்றுவதுபோல் நிதானமாகச் சுற்றிவருவதைக் கண்டு எள்ளி நகையாடினார். எழுத்து தப்பவிடாது என்றார் ஒருவர். எழுத்துக்குள் ஒளிந்துகொண்டு எல்லோரும் தப்பிவிட்டனர் என்று கண்டார் மற்றவர். இருவர் சொன்னதும் மெய் என்பது எங்கள் அனுபவம்.

விடுதலைக்குப் பின்னர் 1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் சட்டம் உரிமம் பெறுதலைத் தொழில் தொடங்குவதற்கு வாயிற்படி ஆக்கிற்று. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி இதனை லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்று வருணித்தார். ஆங்கிலேயர் நாடாவில் கண்டதை நம்மவர் ராஜ்யமாகவே கண்டார். 1991-இல் அவ்வுரிமங்களுள் பெரும்பாலானவை நீங்கின. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின், கட்டின் உள்ளே இருப்பதைக் குடிமக்கள் கேட்டுப் பெற வழி பிறந்தது. அதன் பின் எங்கள் குறிப்புகளின் நடையே சற்றுத் திருந்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள இன்னும் ஒன்று இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

2008-ஆம் ஆண்டு. நான் அப்போது ஓர் அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். பணியில் இருக்கும்போதே காலமான கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். நம் பக்கத்தவர், இந்நகரத்தில் இருபது ஆண்டு வாழ்ந்தும் இந்தி சரியாக வராதவர். சிக்கல் பெயரில் எழுந்தது. இவ்வூரில் வாழும் தமிழர் எல்லோரும் அறிந்த சிக்கல்தான். பணிப்பதிவேட்டில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். ஊரிலிருந்து வந்த குடும்ப அட்டையில் முதலெழுத்து மட்டும் முன்னால் நின்றது. வங்கிக் கணக்கிலோ ஊர்ப்பெயரும் சேர்ந்திருந்தது. நான் கோப்பில் ஒரு வரி எழுதினேன்: பெயர்கள் வேறுபடுகின்றன, தெளிவு தேவை.

அந்த ஒரு வரி பதினான்கு மாதம் நடந்தது. கணக்குப் பிரிவுக்குப் போயிற்று. சட்டப் பிரிவுக்குப் போயிற்று. வட்டாட்சியரிடம் சான்று வாங்கி வருமாறு திரும்பிற்று. அந்த அம்மையார் மகனை அழைத்துக்கொண்டு மூன்று முறை ஊருக்குப் போய்வந்தார். ஒருநாள் என் மேசைமுன் நின்று, "அவர் பேரு ஒண்ணுதான் தம்பி. எழுதினவங்கதான் மூணு பேரு" என்றார். சினமின்றிச் சொன்னார். நான் விதியை எடுத்துச் சொன்னேன். அதுவும் சினமின்றித்தான் சொன்னேன்.

முடிவில் மேலதிகாரி ஒருவர் பழைய முதல் தொகுதியைக் கொண்டுவரச் சொன்னார். ஆவண அறையிலிருந்து தஃப்தரி அதைத் தூசி தட்டி எடுத்துவந்தார். கட்டு அவிழ்க்கப்பட்டே பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அவர் நகத்தால் நெம்பி அவிழ்த்தார். அடியில் நான்காவதோ ஐந்தாவதோ தாள், இறந்தவர் தம் கையால் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. என் பெயர் இன்னின்னவாறு எழுதப்படுவதுண்டு, அனைத்தும் நானே; என் மனைவி இன்னார், என் மகன் இன்னான் என்று, தடுமாறும் ஆங்கில எழுத்தில், அதன்கீழ்த் தமிழிலும் ஒரு கையெழுத்தோடு. தன் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை அம்மனிதர் எங்களைவிட நன்கு உணர்ந்திருக்கிறார். செல்லரிக்காமல், ஒரு மூலைகூட மடங்காமல் அத்தாளைக் காத்து வைத்திருந்தது அந்த நாடா. பதினான்கு மாதமும் அது எனக்கு மூன்று அறைகள் தள்ளி இருந்தது. முதல் தொகுதியை வரவழைத்துப் பார்க்க வேண்டியவன் நான். ஒரு வரி எழுதுவது எளிதாக இருந்ததால் எழுதினேன்.

நிலுவைத் தொகை முழுவதும் அந்த அம்மையாருக்குச் சேர்ந்தது. மகன் கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு அதற்குள் கழிந்திருந்தது. அவன் ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்துவிட்டான். ஆணையை வாங்க வந்தபோது அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்த முதல் தொகுதி எங்கே இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது எங்களுக்கு மின்னணுக் கோப்புகள் வந்துவிட்டன. திரையில் கோப்பு ஓடுகிறது. யாரிடம் எத்தனை நாள் தங்கியது என்பதும் உடனே தெரிகிறது. நாடா வாங்குவதற்கு இனி மனு எழுத வேண்டுவதில்லை. சொல் மட்டும் போகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் இன்றும் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆவண அறையின் பழங்கட்டுகளை ஒளிவருடி எடுக்கும் பணி நடந்தபோது, கழற்றிய நாடாக்களைத் தரையில் ஒரு மூலையில் குவித்திருந்தனர். ஒன்றைக் கையில் எடுத்தேன். நீளமெங்கும் வெளிறி மஞ்சள் பாரித்திருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் மட்டும், ஒளி படாத இரண்டு விரற்கடை அளவுக்கு, கடையில் வாங்கிய நாளின் சிவப்பு அப்படியே இருந்தது.